எட்டுக்கும் எட்டுக்கும் நடுவே

அக்டோபரின் கடைசி ஞாயிறு.
தெற்கே திராட்சைத் தோட்டம் பார்ப்பதாகத் திட்டம்.
இரவு ஒரு மணி பின்னால் போனதை
அலாரக் கடிகாரத்துக்கு யாரும் சொல்லவில்லை.
ப்ர்னோ நிலையத்தில் நான்,
தரை துடைக்கும் வண்டி ஓட்டுபவர்,
தூங்கி வழியும் மூன்று புறாக்கள்.
கைப்பேசி சிரிக்காமல் சொன்னது: ஐந்து ஐம்பது.

நின்றிருந்த ரயிலில் ஏறினேன்.
அது வடக்கே போவது
கதவு மூடிய பிறகு தெரிந்தது.

இறங்கிய ஊரின் பெயரில் உயிரெழுத்தே இல்லை.
நாலு மெய், தோளோடு தோள் ஒட்டி,
குளிரில் பேருந்துக்கு நிற்பவர்கள் மாதிரி.
சொல்லிப் பார்த்தேன்.
பல்லிடுக்கில் எள் மாட்டியதுபோல் இருந்தது.

சதுக்கத்தில் ஒரு கோபுரம்.
கோபுரத்தில் மணி எட்டு.
என்னிடம் ஏழு பத்து.
சுற்றி வந்தேன்: மூடிய மருந்துக்கடை,
மூடிய செருப்புக்கடை, நீர் நிறுத்திய ஊற்று.
அப்போதும் எட்டு.

படியில் உட்கார்ந்து
கைப்பேசியில் மிட்டாய் உடைத்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி,
மடியில் ஒரு முழச் சாவி.
என் ஓட்டைச் செக் மொழியில் கேட்டேன்.
அங்கே நிற்பதற்கும் விலை போவதற்கும் ஒரே சொல்.
கடிகாரம் நிற்கிறதா என்றுதான் கேட்டதாக நினைத்தேன்.
"விற்பனைக்கு இல்லை" என்றாள்.

பொஹ்தானா. வார நாட்களில் தபால் நிலையக் கவுண்டர்.
ஆண்டுக்கு இரண்டு முறை இந்த வேலை.
நகராட்சி ஒரு பெட்டி பீர் தரும்,
வசந்தத்துக்கானது இன்னும் வரவில்லை.
பின்னால் திருப்பினால் பல்சக்கரம் முரண்டுபிடிக்கும்.
நிறுத்திவைத்து,
நேரம் வந்து சேரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டும்.
முறைப்படி நடுராத்திரி மூன்று மணிக்குச் செய்யவேண்டியது.
"மூன்று மணிக்கு நீ ஏறுவாயா?"

ஏறமாட்டேன். ஆனால்
போன ஆண்டு இதே இரவு
பொட்டலக் கிடங்கில் எனக்கு ஷிப்ட்.
இரண்டு மணி இரண்டு முறை வந்தது.
சம்பளச் சீட்டில் ஒரு முறைதான்.
வசந்தத்தில் சரியாகிவிடும் என்றார்
மேற்பார்வையாளர் வ்லாசாக்.
வசந்தத்தில் அந்த இரவு எனக்கு ஷிப்ட் இல்லை.

இதைச் சொல்ல என்னிடம் வினைச்சொற்கள் போதவில்லை.
கையை இரண்டு முறை விரித்து ஒரு முறை மூடினேன்.
என்ன புரிந்ததோ,
கசகசா அடைத்த ரொட்டியில்
பெரிய பாதியை நீட்டினாள்.

மறந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.
எட்டு மணிப் பூசைக்கு ஒரே தொப்பி அணிந்த தம்பதி,
டிராம்போன் பையோடு ஒரு பையன்,
தாதிச் சீருடையில் ஒருத்தி, வாய் நிறைய வசவோடு.
எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.
யாரும் வீடு திரும்பவில்லை.
படிக்கட்டில் நெருக்கி உட்கார்ந்து
நீளமாக எதையோ பேசினார்கள்.
எனக்குப் பிடிபட்டது உருளைக்கிழங்கு மட்டும்.

தங்கையின் செய்தி: ஏன் இன்னும் அழைக்கவில்லை?
நேற்று வரை மூன்றரை மணி தள்ளி இருந்தாள்.
இன்று நாலரை.
நான் தூங்கும்போது
யாரோ நகர்த்தி வைத்துவிட்டார்கள்.

ஏழு ஐம்பத்தெட்டுக்கு என்னையும் கூப்பிட்டாள்.
அறுபத்திரண்டு படி, புறா எச்சம், எண்ணெய் வாசம்.
பெண்டுலத்தைத் தள்ளச் சொன்னாள்.
தள்ளிவிட்டு, மணி அடிக்குமே என்று
காதைப் பொத்திக்கொண்டேன்.
"எட்டு அப்போதே அடித்தாயிற்று."
இரண்டாம் எட்டு
சத்தமில்லாமல் எங்களைக் கடந்து போனது.

பிறகு பூண்டு சூப். ஆற்றோர நடை.
பூட்டிய அருங்காட்சியகத்தின் கதவில்
வேறு யாருடைய கையுறையோ.

அறையில் அலாரக் கடிகாரம் இன்னும் பழைய நேரத்தில்.
முள்ளைத் திருப்ப ஒரு நொடி போதும்.
பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்,
ஒரு மணி நேரம் மட்டும் என்று.

திங்களன்று வேலைக்கு
இரண்டு மணி தாமதம்.
அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார் வ்லாசாக்.